இருமல் இல்லாமலும் டிபி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 24 காசநோய் நாள் நெருங்கினால் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் இருமலைப் பற்றிய சுவரொட்டிகள்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள் என்கிறார்கள். சரியான அறிவுரை. ஆனால் முதுகுத்தண்டில் டிபி வந்தவர்களில் பலருக்கு இருமலே இராது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். எலும்பு, மூட்டு டிபியில் ஏறத்தாழ பாதி முதுகுத்தண்டில்தான் வருகிறது. அப்படியிருந்தும் 'டிஸ்க் விலகல்' என்று வலி ஊசி, டிராக்‌ஷன், எண்ணெய் நீவல் எனப் பல மாதங்கள் வீணாகின்றன.

சாதாரண முதுகுவலி பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரங்களில் தணிந்துவிடும். அதற்கு ஸ்கேனே தேவையில்லை. டிபி வலி அப்படியல்ல. மெல்லத் தொடங்கி வாரந்தோறும் கூடும், படுத்தாலும் விடாது, இரவில் எழுப்பிவிடும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. அவை இல்லை என்பதற்காக டிபி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. முதுகை வெறுமையாக்கி, நடுவில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஓர் எலும்பு மட்டும் துருத்தினாலோ, தட்டும்போது அந்த இடம் மட்டும் வலித்தாலோ அது முக்கியமான அடையாளம். குழந்தையாக இருந்தால் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்லலாம். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கிற குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் வரும் டிபியின் சீழ் தசை வழியே இறங்கித் தொடை இடுக்கில் கட்டியாக நிற்பதும் உண்டு. தொட்டால் சூடு இராது என்பதால் குடலிறக்கம் என்று ஏமாந்துபோகிறார்கள்.

எலும்பின் சுண்ணாம்புச் சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். ஆகவே முதல் மாத எக்ஸ்ரே 'நார்மல்' என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் ரத்தச் சோதனை பார்த்து, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். இடுப்பை மட்டுமல்லாமல் முழுத் தண்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிலருக்கு தொடர்பில்லாத இன்னொரு இடத்திலும் நோய் இருக்கும்.

எம்ஆர்ஐ சந்தேகத்தைத்தான் கிளப்பும். உறுதி செய்வது பயாப்சி, அதாவது நோயுள்ள இடத்திலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது. இங்கேதான் அடிக்கடி பிழை நேர்கிறது. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வழியே இல்லை. எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்பதும் தெரியாமல் போகும். ஒரு பகுதி ஃபார்மலினில் நோய்க்குறியியல் சோதனைக்கும், மறு பகுதி சுத்தமான சலைனில் சிபிநாட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் சோதனைகளுக்கும் போக வேண்டும். பயாப்சிக்கு முன்பு லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் கெடுதல். அது டிபி கிருமியை அரைகுறையாக அடக்கி, சோதனையை ஏமாற்றிவிடும்.

நம் நாட்டு வழிகாட்டுதல்படி சிகிச்சை குறைந்தது 12 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 10 மாதம் மூன்று. மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ என்றால் நாளுக்கு 3. அரசு மருத்துவமனையில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் வலி குறைந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் விடாத வாந்தி, கண் மஞ்சளாதல், நிறங்கள் மங்கலாகத் தெரிதல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில், நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் 10 ஆண்டு கழித்தும் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் குறையாமல் நன்றாக இருந்தார்கள். நடக்கவே முடியாதபடி கால் செயலிழந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. கால் விறைத்துத் தடுமாறுவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சிறுநீர் அடைபடுவது எல்லாம் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். இந்த அறிகுறிகள் உள்ளவர்கள் அன்றே முதுகுத்தண்டு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள் விஷயம் தனி. நோய் ஆறிய பிறகும் வளர வளரக் கூன் கூடலாம் என்பதைக் கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு காட்டியது. வளர்ச்சி நிற்கும்வரை எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து வருவது அவசியம்.

அடுத்த மார்ச்சுக்குச் சுவரொட்டி அச்சடிக்கும்போது சுகாதாரத் துறை இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'ஆறு வாரத்துக்கு மேல் முதுகுவலி, இரவில் கூடுகிறதா? டிபி சோதனை செய்யுங்கள்.'

இப்படிக்கு,
முதுகுத்தண்டு மருத்துவர் ஒருவர்,
மதுரை