மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கைப்பேசி விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் பையன்களைத்தான் திட்டுகிறோம். எங்கள் வீட்டில் மூன்று பேர் விளையாடுகிறார்கள். மாமியாருக்கு 71 வயது. இரவு மருந்து போட்டதும் கேண்டி கிரஷ். அதில் 5 உயிர்தான். போனால் 30 நிமிடத்துக்கு ஒன்றுதான் திரும்பி வரும். தீர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

பிள்ளைகள் இருவருக்கும் மொபைல் லெஜண்ட்ஸ். 15 வயது மகனைச் சாப்பிடக் கூப்பிட்டால், "கேம் முடியட்டும்மா" என்பான். திமிர் என்றே நினைத்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு 5 பேர் சேர்ந்து ஆடுவது, அதனால் நினைத்த நேரத்தில் நிறுத்திவைக்க முடியாது, பாதியில் விட்டுப் போனால் தண்டனையும் உண்டு என்று மகள்தான் விளக்கினாள். இப்போது தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும்போதே, "இதோட போதும், அடுத்த கேம் தொடங்காதே" என்று சொல்லிவிடுகிறேன். சண்டை பாதி குறைந்துவிட்டது.

என்னை உறுத்துவது மகளின் விஷயம். அவளுக்கு 17 வயது. தம்பியைவிட ரேங்க் அதிகம், மித்திக் என்ற உயர்ந்த நிலை வரை போயிருக்கிறாள். ஆனால் கூட ஆடுபவர்களோடு பேசுவதற்கான மைக்கைத் திறக்கவே மாட்டாள். விளையாட்டில் வைத்திருப்பதும் ஆண் பெயர். ஏன் என்று கேட்டதற்கு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை திறந்து காட்டினாள். லார்ட் என்ற பெரிய அரக்கனை அடிக்க வரச்சொல்லி மலாயில் ஒரே ஒரு வரிதான் பேசினாள். "பெண்ணா? அப்போ தோல்விதான்" என்றது ஒரு குரல். அடுத்த குரல் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவள் முகம்கூட மாறவில்லை. கட்டைவிரலால் மைக்கை அணைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். அவளுக்கு அது பழகிவிட்டது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சென்ற தீபாவளிக்கு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இதே விளையாட்டுக்குப் போட்டி வைத்தார்கள். பெண்களுக்கும் உண்டா என்று கேட்டேன். "அவங்க வரமாட்டாங்கம்மா" என்றார்கள். 2023இல் கம்போடியாவில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டியிலேயே மொபைல் லெஜண்ட்ஸுக்கு மகளிர் பிரிவு இருந்தது. 2024இல் ரியாத்தில் மகளிருக்கென்றே அனைத்துலகப் போட்டி நடந்தது. அங்கெல்லாம் வந்தவர்கள் இங்கே மட்டும் வராமலா போவார்கள்?

வரும் தீபாவளிக்குப் பினாங்கில் ஏதாவது ஓர் இளைஞர் மன்றம் பெண்கள் பிரிவு ஒன்றை வைக்கட்டும். என் மகளும் அவள் தோழிகள் நால்வரும் தயார். பதிவு மேசையில் உட்கார ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
பட்டர்வொர்த்