பெரோவ்ஸ்கைட் பலகைகள்: ஈயக் கணக்கையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சூரிய மின்பலகைகளுக்கான, பெரும்பாலும் ஈயம் கலந்த பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய குறைக்கடத்திப் பொருளைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் செய்திகள் வரத் தொடங்கியிருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் பல, விழும் ஒளியில் எவ்வளவு மின்சாரமாகிறது என்ற ஒரே ஒரு திறன் சதவீதத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எவ்வளவு பரப்பில் அளந்தார்கள், எத்தனை மணி நேரம் தாக்குப்பிடித்தது, உள்ளே இருக்கும் ஈயம் கடைசியில் எங்கே போகும்? இந்த மூன்றும் தெரியாமல் அந்தச் சதவீதத்தை வைத்து வாசகர் எதையும் முடிவு செய்ய முடியாது.

2009-இல் ஜப்பானின் சுதோமு மியாசகா குழு இப்பொருளைச் சூரிய மின்கலத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தியபோது கிடைத்த திறன் 3.8%. இன்று ஒற்றை அடுக்குக் கலமே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வழக்கமான பலகைகளிலுள்ள சிலிக்கானில் 150 மைக்ரான் (0.15 மில்லிமீட்டர்) தடிமன் செய்யும் வேலையை இதில் அரை மைக்ரான் படலம் செய்கிறது. சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இதற்கு 100 முதல் 150 டிகிரி போதும். அதனால்தான் உலகமே இதன் பின்னால் ஓடுகிறது. சிலிக்கானின் மேல் இதை அடுக்கிய இரட்டைக் கலத்தில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024-இல் 34.6 சதவீதத்தை எட்டியது. அந்தக் கலத்தின் பரப்பு சுமார் 1 சதுர சென்டிமீட்டர். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் விற்பனைக்கு அனுப்பிய முழு அளவு இரட்டை அடுக்குப் பலகையின் திறன் 24.5%. இந்த இடைவெளி எப்படி வருகிறது என்பதைத்தான் செய்திகள் விளக்க வேண்டும்.

ஆய்வகச் செய்முறையைப் பார்த்தாலே பாதி காரணம் புரிந்துவிடும். மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியைச் சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று வரிசையாகக் கழுவி, அதன்மேல் வெள்ளீய ஆக்சைடு பூசி 150 டிகிரியில் சூடேற்றுவார்கள். ஈய அயோடைடையும் மெத்தில் அமோனியம் அயோடைடையும் சம மோல் அளவில் எடுத்து, டைமெத்தில் ஃபார்மமைடும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் கலந்த கரைப்பானில் கரைப்பார்கள். நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் சுழலும் கண்ணாடியில் அந்தக் கரைசலை விட்டு, சில விநாடிகளில் குளோரோபென்சீனைச் சொட்ட வேண்டும். அது கரைப்பானைச் சட்டென்று வெளியேற்றி, படிகங்களை நெருக்கமாக முளைக்க வைக்கும். சொட்டுவது சற்றுப் பிந்தினாலும் படலம் மங்கி, ஊசித்துளைகள் விழும். அந்தத் துளை வழியே மேல் மின்முனை கீழ் அடுக்கைத் தொட்டால் கலம் ஷார்ட் ஆகிவிடும். பிறகு 100 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் கறுப்புப் படலம் தயார். கடைசியில் மின்முனையாக வெள்ளியைப் போட்டால் செலவு குறையும். ஆனால் அயோடைடு மெல்ல நகர்ந்து வந்து அதை அரித்துவிடும்.

இந்தச் சுழற்சி முறையில் கரைசலின் பெரும்பகுதி சிதறி வீணாகிறது. ஆகவே ஆலைகள், நீண்ட பிளவு வழியே கரைசலைச் சீராகப் பூசிச் செல்லும் இயந்திரங்களுக்கு மாறுகின்றன. ஒரு சதுர மீட்டர் முழுக்க அரை மைக்ரான் தடிமனைப் பிசகாமல் காப்பது கடினம். போதாததற்கு டைமெத்தில் ஃபார்மமைடு கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய கரைப்பான். அதன் ஆவியைப் பிடித்து மீட்கும் ஏற்பாடு இல்லாத ஆலையைப் பசுமை ஆலை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

அளவீட்டிலும் எச்சரிக்கை தேவை. இப்பொருளுக்குள் அயனிகள் நகர்வதால், மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே அளந்தால் ஒரு திறனும் இறக்கிக்கொண்டே அளந்தால் வேறொரு திறனும் வரலாம். கலம் அதிக மின்சாரம் தரும் உச்சத் திறன் புள்ளியில் சில நிமிடங்களாவது நிறுத்திவைத்துப் பெற்ற எண்ணையே நம்ப வேண்டும்.

அடுத்தது ஆயுள். ஈரம் புகுந்தால் கறுப்புப் படலம் சிதைந்து மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறும். வழக்கமாகப் பலகைகளை மூடும் ஈவிஏ பிளாஸ்டிக்கும் இதற்கு ஒத்துவராது. அதை உருக்கி ஒட்டச் சுமார் 150 டிகிரி வேண்டும், அவ்வளவு சூட்டில் வெகுநேரம் வைத்தால் படலம் கெடும். பின்னாளில் அது அசிட்டிக் அமிலத்தையும் கசியவிடும். பாலியோலிஃபின் உறையும், விளிம்பில் பியூட்டைல் ரப்பர் அடைப்பும் போடுவது மேல். பன்னாட்டுத் தரமான ஐஇசி 61215 கேட்கும் ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி வெப்பத்திலும் 85% ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் நடக்கும், அதுவும் இருட்டில். பெரோவ்ஸ்கைட்டை அதிகம் வதைப்பதோ ஒளியும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போதுதான். சித்திரை வெயிலில் நம் மொட்டை மாடிப் பலகையின் சூடு 65 டிகிரியைத் தொடும். ‘சோதனையில் தேறியது’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஒளியின் கீழா, இருட்டிலா என்று உங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும்.

இனி ஈயம். அரை மைக்ரான் படலத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.7 கிராம் ஈயம் இருக்கும். சிலிக்கான் பலகையின் சால்டரிங்கிலும் ஈயம் உண்டே என்று சிலர் வாதிடுவது சரிதான். ஆனால் அது உலோகக் கலவை, எளிதில் கரையாது. இங்கே உருவாகும் ஈய அயோடைடோ ஒரு லிட்டர் நீரில் முக்கால் கிராம் வரை கரையும். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அப்படியானால் உடைந்த ஒரு சதுர மீட்டர் பலகையிலுள்ள ஈயம் முழுதும் கரைந்தால், 70,000 லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். தடுப்பு வழி இல்லாமல் இல்லை. ஈயத்தைப் பிடித்துவைக்கும் படலங்களைப் பலகையின் இருபுறமும் பூசி, கசிவில் 96 சதவீதத்துக்கு மேல் உறிஞ்ச முடியும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். விலை கூடும் என்று ஆலைகள் இதைக் கைவிட இடம் கொடுக்கக்கூடாது.

‘ஈயம் இல்லாதது’ என்ற பெயரை மட்டும் பார்த்தும் ஏமாந்துவிடக் கூடாது. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தை வைத்தால், காற்றுப் பட்டதும் அது ஈரிணைதிற நிலையிலிருந்து நாலிணைதிற நிலைக்கு ஆக்சிஜனேற்றமாகிக் கலத்தில் மின்கசிவு ஏற்படுகிறது. வெள்ளீய ஃபுளோரைடு சேர்த்து இதைத் தணிக்கிறார்கள். 2016-இல் வரிக்குதிரை மீன் கருக்களில் செய்த சோதனையில் வெள்ளீய அயோடைடு, நீரை அமிலமாக்கியதால், ஈய அயோடைடைவிட அதிகக் கொடுமை செய்தது. சீசியம், வெள்ளி, பிஸ்மத், புரோமின் சேர்ந்த இரட்டைப் பெரோவ்ஸ்கைட் காற்றில் நன்றாக நிலைக்கும். ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) பெரிது, வெயிலில் சில சதவீதமே தரும். அதே பெரிய இடைவெளி, எல்இடி விளக்கொளிக்குப் பொருந்தி வருகிறது. பிஸ்மத், ஆண்டிமனிச் சேர்மங்களை அறைக்குள் கடிகாரம், வெப்பமானி, சிறு உணரிகளுக்கு மின்சாரம் தரப் பயன்படுத்தலாம். மொட்டை மாடிக்கு இவற்றை எதிர்பார்ப்பது வீண்.

நிறம் தர இதே வகைப் பொருளைப் பயன்படுத்தும் திரைகளுக்குக் கணக்கு வேறு. சீசியம் ஈய புரோமைடு நுண்படிகம் சுமார் 20 நானோமீட்டர் அலைநீள அகலத்துக்குள் அடங்கும் மிகத் தூய பச்சை ஒளி தரும். ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். நீலத்துக்காகக் குளோரைடு கலந்தால், மின்னோட்டத்தில் குளோரைடும் புரோமைடும் பிரிந்து நிறம் பச்சைப் பக்கம் நகர்கிறது. தொலைக்காட்சிகளில் நிறம் தரும் நுண்துகள்களில், நச்சுள்ள காட்மியத்தின் இடத்தை ஈயமில்லாத இந்தியம் பாஸ்ஃபைடு பிடித்திருக்கிறது. வீட்டுத் திரைக்கு அந்த வழியே நல்லது. எக்ஸ்-கதிர் உணரிகளில் நிலைமை நேர்மாறு. கனமான அணுதான் கதிரைப் பிடிக்கும். ஈயமும் பிஸ்மத்தும் பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள், இரண்டும் உதவும். மருத்துவமனைக் கருவி எண்ணிக்கையில் குறைவு, திரும்பப் பெறுவதும் எளிது.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் சூரியப் பலகைகளையும் உள்ளடக்கி, 2034-35 வரை சேரும் பலகைக் கழிவைத் தயாரிப்பாளர்கள் சேமித்துவைக்கச் சொல்கின்றன. சிலிக்கான் பலகையைத் திறந்தவெளியில் அடுக்கிவைத்தால் வரும் தீங்கைவிட, விரிசல் விட்ட பெரோவ்ஸ்கைட் பலகையை மழையில் போட்டால் வரும் தீங்கு பெரிது. கூரையும் கசியாத தளமும் உள்ள தனிக் கிடங்கு, ஒவ்வொரு பலகையிலும் ஈயத்தின் எடையைக் கிராமில் சொல்லும் முத்திரை, உடைந்த பலகையைத் திரும்பப் பெறும் முகவரி ஆகிய மூன்றையும், பெரோவ்ஸ்கைட் பலகைகள் நம் சந்தைக்கு வரும் முன்பே கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி