செதுக்கோவியத்தைப் புகைப்படம் எனலாமா?

ஆசிரியருக்கு,

19-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை சிறப்பானது. ஆனால், பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் மக்களைக் காட்டி, 1877 அக்டோபரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் பிரிட்டிஷ் வார இதழ் வெளியிட்ட மரச்செதுக்கோவியத்தை (மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படத்தை) 'அரிய புகைப்படம்' எனக் குறிப்பிட்டிருந்தது வருத்தமளிக்கிறது. பேரிடரோ கலவரமோ, அக்கால இதழ்ப் படங்களில் நேரில் கண்டதும் பணிமனையில் சேர்த்ததும் கலந்தே இருக்கும். 1842 மே 14 அன்று அவ்விதழின் முதல் இதழில் வந்த ஜெர்மானிய நகரமான ஹாம்பர்க்கின் தீவிபத்துக் காட்சியே, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த பழைய நகரப் படமொன்றில் தீயையும் புகையையும் சேர்த்து வரையப்பட்டதுதான்.

என்னிடமுள்ள அக்கால இதழ்ப் படத்தாள் ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தபோது, திரண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடொன்று மேலிருந்து கீழாக நேராக ஓடியது. மரக்கட்டையைத் துண்டுகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகச் செதுக்கி, மீண்டும் திருகாணியால் பொருத்திய தடம் அது. கோட்டின் இருபுறமும் முகங்களைத் தீட்டிய விதம்கூட வேறாக இருந்தது. இத்தகைய உழைப்பைப் புகைப்படம் என்றழைப்பது செதுக்கியவர்களுக்கும் நியாயமன்று, படத்தைச் சான்றாக நம்பும் மாணவர்களுக்கும் நல்லதன்று. எனவே, இனி இப்படங்களை வெளியிடுகையில் இதழின் பெயர், வெளியான நாள், நேரில் கண்டு வரைந்ததா அல்லது புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியதா என்னும் விவரம் ஆகியவற்றைத் தெரிந்தவரையில் படக்குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.