சலூன் அண்ணாச்சிக்கும் தேரி மண் கொண்டுவந்தவருக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். மே மாத லீவில் பத்து நாள் நடத்திய ஓவிய வகுப்பு நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் 23 பிள்ளைகள், ஐந்து வயதிலிருந்து எட்டு வரை. கடைசி நாள் மைக்கில் நன்றி சொல்ல நினைத்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நாள், "பிடிச்சதை வரைங்க" என்றேன். 23 தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஓரத்தில் தென்னை. கயத்தாறு பக்கத்துப் பிள்ளைகள்! வாசலில் இறங்கினால் கரிசல், பனை, மின்சாரம் எடுக்கும் காற்றாலை. இதில் ஆறு எங்கிருந்து வந்தது? (நானும் பள்ளிக்கூடத்தில் அதே மலையைத்தான் வரைந்தேன், அது வேறு கதை.)

மறுநாள், "சரி, உங்க மூஞ்சியை வரைங்க" என்றேன். எல்லாக் கையும் கிரேயான் பெட்டியில் ஒரே குச்சியைத் தேடியது. "அக்கா, ஸ்கின் கலர்!" வெளிறிய ரோஸ் நிறக் குச்சி அது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கும் அந்த நிறம் கிடையாது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி அப்படியொரு குச்சிக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் கடைகளில் இன்றும் 'ஸ்கின் கலர்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ஒரு சின்னப் பெண்ணிடம், "உன் கை இந்த நிறமா இருக்கு?" என்று கேட்டேன். "நான் கருப்புக்கா. கருப்பு அடிச்சா நல்லாருக்காது" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சலூன் அண்ணாச்சி, நீங்கள் கொடுத்த பத்து கைக்கண்ணாடிகள்தான் முதலில் உதவின. ஒரு நாள் முழுக்க வரையவே இல்லை, பார்த்தோம். புருவத்துத் தழும்பு, விழுந்த பல், கன்னத்து மச்சம். தன் காது இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் ஒருவனுக்குத் தெரிந்தது. அப்புறம் அவன் வரைந்த எல்லாப் படத்திலும் காதுதான் முதலில்.

நிறத்துக்கு மண்ணையே எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் பால்வாடி டீச்சர். தன் வராண்டாவையும் கொடுத்துவிட்டு, தினமும் சாயங்காலம் அதைக் கழுவியதும் அவர்தான். கரிசல் காலடியிலேயே கிடந்தது. சிவப்புக்கு, திசையன்விளைப் பக்கம் வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணாச்சி ஒரு பை தேரி மண், அதாவது அந்தப் பக்கத்துச் செம்மணல், கொண்டுவந்தார். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "மண்ணுக்கா துட்டு?" என்று சிரித்துவிட்டுப் போனார். கீழத்தெரு ஆச்சி கருவேலம் பிசினை ராத்திரியே ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டித் தந்தார். அது இல்லாவிட்டால் மண் காய்ந்ததும் தாளிலிருந்து உதிர்ந்துவிடும்.

மண்ணைச் சலித்து, பிசின் தண்ணீர் விட்டுக் குழைத்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்தோம். கரிசலில் கொஞ்சம் தேரி, தேரியில் கொஞ்சம் கோலமாவு. ஒவ்வொரு பிள்ளையும் முழங்கையில் ஒரு சொட்டுத் தொட்டுவைத்துக் காயும்வரை காத்திருந்தது. காய்ந்த சொட்டு தோலோடு சேர்ந்து தெரியாமல் போனால் அதுதான் அந்தப் பிள்ளையின் நிறம். அந்தச் சின்னப் பெண் மூன்று தடவை கலந்தாள். நாலாவது தடவை சொட்டு காணாமல் போனதும், "எக்கா, எங்கன வச்சேன்னே தெரியல!" என்று கத்தினாளே, அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். தன் சிரட்டையை யாருக்கும் அவள் கொடுக்கவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ்காரர் கொடுத்த கழிவு அட்டையில் ஆளுக்கொரு லேபிள் செய்தோம். மயில், ரோஜா என்று வழக்கமான படங்கள் இல்லை. அவரவர் முகம், அதன் கீழே அவரவர் பெயர். ஒருவன் தன் முகத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துவிட்டான். "அது இல்லாம நான் மட்டும் எப்படிக்கா?" என்றான். நியாயம்தான்.

பிள்ளை சட்டையெல்லாம் சேறாக வந்ததென்று என்னைத் திட்டிய அம்மாக்களுக்கும் நன்றி. திட்டினாலும் மறுநாள் அனுப்பிவைத்தீர்கள்.

படங்கள் ஞாயிற்றுக்கிழமை வரை சமுதாயக்கூடத்துச் சுவரில் இருக்கும். ஆச்சி, உங்கள் வேட்டியைத் துவைத்துவிட்டேன், கறை போகவில்லை. சலூன் அண்ணாச்சி, கண்ணாடி ஒன்பதுதான் திரும்பி வரும். பத்தாவது எப்படி உடைந்தது என்று 23 பேரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். காசு என் கணக்கில்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அக்கா