கயலுக்கு, வேல்ஸ் நியூபோர்ட்டிலிருந்து அப்பா

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போனில் கூப்பிட்டால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். நானும் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அப்படியே ஏழு வாரம் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கவும் இல்லை. அதனால்தான் இந்தத் தாள். நாலாம் வகுப்பு வரை நம் ஊரில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது. மெதுவாகப் படி.

உன் பெயருக்கு மூன்று தபால் வந்திருக்கிறது. லீட்ஸ் முகவரிக்கு மேலேயே நம் வீட்டு முகவரியை அச்சடித்து ஒட்டி வருகிறது. திறக்கவில்லை. ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். முதல் தபாலை அம்மா பார்க்கவில்லை. மற்ற இரண்டையும் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன் பெயரில் தனியாகக் கொஞ்சம் பணம் எப்போதும் வைத்துக்கொள்.

சரி, இங்கத்திய செய்தி. கிடங்கு வேலையை விட்டபிறகு எனக்குப் பகல் போவதே இல்லை. மார்ச்சிலிருந்து ஊர் வரலாறு என்று யார் எங்கே பேசினாலும் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நூலகம், அருங்காட்சியகம், தேவாலயக் கூடம் என்று ஒன்றும் விடுவதில்லை. பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான் வருகிறார்கள். முதல் இரண்டு கூட்டத்திலும் கடைசி வரிசையில் இருந்தேன். மூன்றாவது கூட்டத்தில் ஒரு அம்மாள் எனக்கும் சேர்த்து டீ எடுத்துவந்து தந்து, இங்கே முன்னால் உட்காருங்கள், காது கேட்கும் என்றார். அதிலிருந்து இரண்டாவது வரிசை. அருங்காட்சியகத்தில் டீபாட் சேகரிப்பு ஒன்று இருக்கிறது, அலமாரி அலமாரியாக. அதைப் பார்க்க அம்மாவும் ஒருநாள் வந்தாள். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான்.

கப்பலைப் போய்ப் பார்த்தேன். நீ பள்ளியிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கச் சொன்னாயே, அதே கப்பல். அன்று பாதி தூக்கத்தில் உம் கொட்டினேன். 2002-இல், நியூபோர்ட்டுக்கு மாநகர அந்தஸ்து கிடைத்த அதே வருஷம், அஸ்க் ஆற்றங்கரையில் ரிவர்ஃபிரண்ட் அரங்கம் கட்ட, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தைத் தோண்டும்போது சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. 500 வருஷத்துக்கு மேலான கப்பல். அளந்து படம் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வேலியோரம் காவல் நின்றிருக்கிறார்கள். அவர்கள் நின்றதால்தான் அரசாங்கம் பணம் கொடுத்தது. பலகைகளைக் கழுவி, மெழுகுபோன்ற ஒரு மருந்தில் ஊறப்போட்டு, உறைய வைத்து, உலர்த்தி எடுக்க 20 வருஷம் ஆகியிருக்கிறது. மரத்தின் வளையங்களை எண்ணி, ஸ்பெயின் பக்கம் பாஸ்க் நாட்டில் 1449-இல் வெட்டிய மரம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு காசு. கப்பலின் அடிமரத்தில், இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் சின்னக் குழி வெட்டி, பிரெஞ்சு இளவரசன் பெயரில் 1447-இல் அடித்த ஒரு வெள்ளிக்காசை வைத்து மூடியிருக்கிறார்கள். கப்பல் நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று. சங்கரன்கோவில் வீட்டுக்கு நிலை வைக்கும்போது தாத்தா நவதானியத்தோடு போட்ட காசு எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தச்சன் எந்த நாட்டுக்காரனோ, செய்த காரியம் நம் காரியம்.

கேர்லியனுக்கும் போய்வந்தோம். ரோமானியப் படை தங்கியிருந்த கோட்டை, ஏறக்குறைய 1,950 வருஷம் ஆகிறது. அங்கே குளியல் மண்டபத்துச் சாக்கடையில் 88 மோதிரக் கற்கள் கிடைத்தனவாம், ஒவ்வொன்றிலும் உருவம் செதுக்கியது. வெந்நீர்ச் சூட்டில் ஒட்டு இளகிக் கல் கழன்று விழுந்திருக்கிறது. கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், பயறு பயறாக. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், 'என் மூக்குத்திக் கல்லும் தண்ணீரில்தான் போயிருக்கும், பிள்ளையைப் போய்த் திட்டினேன்' என்றாள். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

உனக்கு என்ன குறை வைத்தோம், ஒரு போன் எடுக்க முடியாத அளவுக்கு? இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். போன வருஷம் நீ பரீட்சை எல்லாவற்றையும் முடித்து ஆடிட்டர் ஆனதை நூலகத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. டீ கொடுத்த அம்மாளுக்கு உன் படத்தைக் காட்டினேன். மாப்பிள்ளையும் அந்தப் படத்தில் இருக்கிறார். இவர் யார் என்று கேட்டார். சொன்னேன்.

இரவு ரொம்ப நேரம் தனியாக வெளியே இருக்காதே. கையில் பணம் இருக்கட்டும், உன் பெயரில்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

சென்ற மாதம் செயின்ட் வூலோஸ் தேவாலயத்துக்கு ஒரு நடைக்குழுவோடு போனேன். 1839 நவம்பர் 4-ஆம் தேதி சுடப்பட்டவர்களில் பத்துப்பேரை அங்கேதான் இரவோடு இரவாகப் புதைத்தார்கள், எது யாருடைய குழி என்று அடையாளமே வைக்காமல். உனக்குத் தெரிந்த கதை, என்னைவிட நன்றாகத் தெரியும். மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து நிலக்கரியும் இரும்பும் வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் ராத்திரி முழுக்க மழையில் நடந்து வந்தார்கள். பணக்காரனுக்கு மட்டும் ஓட்டு என்பது போதும், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும், ரகசியமாகப் போடும் ஓட்டாக வேண்டும் என்றெல்லாம் ஆறு கோரிக்கைகள். வெஸ்ட்கேட் ஹோட்டலுக்குள் இருந்த சிப்பாய்கள் சுட்டதில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். முன்னால் நின்ற ஜான் ஃப்ராஸ்ட், ஒரு காலத்தில் இந்த ஊருக்கே மேயராக இருந்தவர். அவருக்குத் தூக்கு விதித்து, பிறகு டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்த 1839 ஊர்வலத்தைக் காட்டிய சுவர் ஓவியத்தின் முன்னால்தான் நீ இந்த ஊரில் முதல் முதலாகச் சிரித்தாய். 2006, நாம் வந்த புதிது. உனக்கு 10 வயது. சுரங்கப்பாதைச் சுவர் முழுக்க, 35 மீட்டர் நீளத்துக்கு, சின்னச் சின்னச் சில்லுகளாகப் பதித்து அந்த ஊர்வலம். நீ விரலைச் சுவரில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக்கொண்டே நடப்பாய். விரல் நுனி கறுத்துவிடும். அம்மா நர்ஸ் உடுப்போடு அந்த விரலைத் துடைப்பாள். 1978-இல் கென்னத் பட் செய்தது. அந்தப் பெயரையும் நீதான் எனக்குச் சொன்னாய்.

2013 அக்டோபரில் அதை இடித்தார்கள், கடைத்தெரு கட்ட. நீ போய் நிற்கிறேன் என்றாய். கூடப் படிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள், நிற்கத்தான் போகிறோம், வேறொன்றும் செய்ய மாட்டோம் என்றாய். நான், இது அவர்கள் சண்டை, நம் குடியுரிமை மனு உள்ளே கிடக்கிறது, போலீஸ் உன் பெயரை எழுதிக்கொண்டால் மூன்று பேரும் திரும்ப வேண்டியதுதான் என்றேன். அதுவரை சரி. எனக்கு நிஜமாகவே பயம். பாதி ராத்திரியில் கிடங்கில் பெட்டி அடுக்கும்போதும் அந்த மனுவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அன்று காலை உன் ஷூ காணாமல் போனதே, இரண்டு ஜோடியும். வீடு முழுக்கத் தேடினாய். அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள். நானும் உன்னோடு சேர்ந்து மாடிப்படிக்கு அடியில் தேடினேன். கயல், அவை காரின் டிக்கியில் இருந்தன. நான்தான் விடியற்காலையில் எடுத்து வைத்தேன். வைத்துவிட்டு உன்னோடு சேர்ந்து தேடவும் செய்தேன்.

மத்தியானம் செய்தியில் காட்டினார்கள். சில்லுகள் பாளம் பாளமாக விழுந்தன. நீ சாக்ஸோடு படியில் உட்கார்ந்து பார்த்தாய். அழவில்லை. சாயங்காலம் ஷூவைப் பின்கதவுப் பக்கம் வைத்தேன். நீ பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியில் வரலாறு படிக்கிறேன் என்ற பேச்சையும் அதன்பிறகு நீ எடுக்கவே இல்லை. நான் அதைப் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்கு அன்றே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், இந்த வீட்டில் எதையும் சொல்லக்கூடாது, சொன்னால் தடுப்பார்கள் என்று அன்றைக்கே நினைத்திருப்பாய். இந்த ஏழு வாரத்தில் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது இதுதான்.

செயின்ட் வூலோஸுக்குப் போன அந்த நடையில் ஒரு கடிதத்தை வாசித்தார்கள். ஜார்ஜ் ஷெல் என்ற பையன், பான்டிபூலில் இருந்தவன், 20 வயதுகூட ஆகாதவன். புறப்படும் முன் தாய் தகப்பனுக்கு எழுதியது. நான் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறான், எல்லாப் பிள்ளைகளையும்போல. இன்றிரவு சுதந்திரத்துக்கான ஒரு போராட்டத்தில் இருப்பேன், உயிரோடு இருந்தால் சீக்கிரம் பார்க்கிறேன், இல்லாவிட்டால் எனக்காக வருந்தாதீர்கள் என்கிறான். அப்புறம் கடைசியாக, என் வேலைக் கருவிகள் இன்னார் வீட்டில் இருக்கின்றன, துணிமணியும் அங்கேதான் என்று ஒரு வரி. அவ்வளவுதான். மறுநாள் வெஸ்ட்கேட்டில் சுடப்பட்டுச் செத்தான்.

வாசித்தவர் அந்தப் போராட்ட வரியை உரக்க வாசித்தார். எனக்குக் கருவி வரிதான் மனதில் நின்றது. அவனைப் பெற்றவர்கள் போய் அந்தச் சாமான்களை எடுத்து வந்திருப்பார்களே. அதை எடுத்துக்கொண்டு என்ன பேசியபடி வீட்டுக்கு நடந்திருப்பார்கள்.

உன்னிடம் நான் வேறெதையும் கேட்கவில்லை. என்ன நடந்தது, யார்மேல் தப்பு, ஒன்றும் வேண்டாம். அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். நீ எங்கே படுக்கிறாய், உன் சாமான்கள் எங்கே இருக்கின்றன, இந்த இரண்டும்தான். தமிழில் எழுத வராவிட்டால் போனில் இரண்டு வார்த்தை அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வேன் தருகிறேன் என்றிருக்கிறார். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானம் லீட்ஸ் வந்துவிடுவேன், வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

நவம்பர் முதல் வாரத்தில் பெல் வ்யூ பூங்காவிலிருந்து வெஸ்ட்கேட் வரை தீப்பந்தம் பிடித்து நடக்கிறார்கள், அந்த 1839 நினைவாக. போன வருஷம் ஓரமாக நின்று பார்த்தேன். இந்த வருஷம் எனக்கும் ஒரு பந்தம் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சேர்த்து இரண்டாகச் சொல்லிவிட்டேன், வராவிட்டால் அம்மா பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு மழை இருக்கும், நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு வா.

தபால்கள் கடிகாரத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. உன் அறை ஹீட்டரைச் சரிபண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா