நெருக்கடி நேரத்தில் பாராளுமன்றம் ஒரு தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளிக்குப் பின்னர் நிவாரணமும் மீள்கட்டுமானமும் தாமதமாவதைக் குறித்துத் தங்கள் பத்திரிகைக்கு எழுதும் வாசகர்கள் சிலர் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தி வருகின்றனர். இப்படியான வேளையில் பாராளுமன்றமும் ஆணைக்குழுக்களும் நீதிமன்றங்களும் குறுக்கே நிற்கக்கூடாது, முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால்தான் நாடு நிமிரும் என்பதே அக்கருத்து. வீடும் வயலும் இழந்து நிற்பவர் அப்படி எண்ணுவதை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் இதே நம்பிக்கையை வைத்து நடந்த பரிசோதனை ஒன்றை இந்த நாடு 2019க்கும் 2022க்கும் இடையில் கண்டுவிட்டது. அதன் விளைவை வன்னி வயல் வரம்பில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தத் துயரத்தின் ஈரம் காய்வதற்குள், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்த 19ஆம் திருத்தச் சட்டமே நாட்டின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்திவிட்டது என்ற பிரசாரம் ஊரெங்கும் பரவியது. உண்மை வேறாக இருந்தது. தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் முதல் வாரத்திலேயே இந்தியாவிலிருந்து வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சு ஜனாதிபதியின் கையிலேயே இருந்தது. அவரிடம் அதிகாரத்துக்குக் குறைவிருக்கவில்லை, இருந்த அதிகாரத்தை உரிய வேளையில் பயன்படுத்தாமல் விட்டதே குற்றம். உயர் நீதிமன்றமும் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் கடமையில் தவறினார் எனக் கண்டு, அவர் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 2018 நவம்பரில் அதே ஜனாதிபதி பாராளுமன்றத்தை உரிய காலத்துக்கு முன் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமித்துக் கூறுவதற்கு வழிசெய்ததும் அந்த 19ஆம் திருத்தம்தான். காப்பாற்றிய சட்டத்தையே குற்றவாளியாக்கி, அதை ஒழிப்பேன் என்ற கோட்டாபய ராஜபக்ஷவுக்கு மக்கள் வாக்களித்தனர்.

அடுத்த நெருக்கடி கொவிட். 2020 மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்ட பாராளுமன்றம், தொற்றினால் தேர்தல் இருமுறை பிற்போடப்பட்டும் மீண்டும் கூட்டப்படவில்லை. புதிய சபை கூடியது ஓகஸ்ட் 20ஆம் திகதி. ஐந்து மாதங்களுக்கு மேலாகச் செயலணிகளும் சுற்றறிக்கைகளுமே நாட்டை நடத்தின. கொவிட்டால் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம் ஜனாஸாக்கள் 2021 பெப்ரவரி வரை எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான பச்சிளங்குழந்தையின் உடலும் தப்பவில்லை. பெரும்பான்மையின் அச்சத்தை ஆட்சியின் பலமாக மாற்றத் துணிந்தவர்களிடம் ஒரு சிறுபான்மையினரின் மார்க்கக் கடமை எம்மாத்திரம்? அதற்காக அரசு மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்தான்.

2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளால் 20ஆம் திருத்தம் நிறைவேறியது. உயர் பதவிகளுக்கான நியமனங்களை ஏற்கவோ நிராகரிக்கவோ அதிகாரம் கொண்டிருந்த அரசியலமைப்புப் பேரவை நீக்கப்பட்டு, அபிப்பிராயம் மட்டும் தெரிவிக்கக்கூடிய பாராளுமன்றப் பேரவை அதன் இடத்துக்கு வந்தது. நீதியரசர்களையும் ஆணைக்குழுக்களையும் நியமிப்பது ஒரே மனிதரின் விருப்பமாயிற்று. இதெல்லாம் கொழும்பு அரசியல், எங்களுக்கென்ன என்றுதான் அன்று எங்கள் பகுதி மக்கள் எண்ணினார்கள்.

அடுத்த ஆண்டே அது எங்கள் வயலுக்குள் வந்தது. நீண்டகாலம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவது என்றே கூறியிருந்தது. 2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலோ இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதே அளவு நைதரசனைத் தரமான கூட்டெருவிலிருந்து பெற ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். இது விவசாயக் கல்லூரியில் முதலாண்டில் கற்பிக்கப்படும் கணக்கு. பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் இதை எழுதினார்கள், பேசினார்கள். வெளிப்படையாக எதிர்த்த பேராசிரியர் ஒருவர் விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்தக் காலபோகத்தில் (பெரும்போகத்தில்) இரணைமடுக் குளத்தின் கீழ் விதைத்த நெல் மூன்றாம் வாரமே மஞ்சளித்தது. மட்டம் வெடிக்க வேண்டிய பருவத்தில் ஒற்றைத் தாளாக நின்ற பயிரைப் பிடுங்கிக் காட்டி, "ஐயா, இனி என்ன போடலாம்?" என்று கேட்ட விவசாயிகளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. கமநல சேவை நிலையத்தின் முன் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்ததோ, இலையில் தெளிக்கும் திரவப் போத்தல்கள். நவம்பர் இறுதியில் தடை தளர்த்தப்பட்டபோது விதைப்பு முடிந்து, அடிக்கட்டுப் பசளை இடும் காலமும் கடந்திருந்தது. பசளையைத் தடுத்தவரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்று நான் ஆராயவில்லை. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்ததும் அதற்குள் ஒளிந்திருந்த காரணம் என்பதை யாவரும் அறிவர். ஆனால் ஒரு நாட்டின் உணவைத் தீர்மானிக்கும் கட்டளை, அதைக் கேள்விக்குட்படுத்தும் தெரிவுக்குழு ஒன்றையோ, 'வேண்டாம்' என்று சொல்லத் துணியும் அதிகாரி ஒருவரையோ வழியில் சந்திக்காமலே வர்த்தமானிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் முறைப்பாடு. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்ததும் இதே போக்கில் எடுக்கப்பட்ட முடிவே. மக்கள் கைதட்டினார்கள், திறைசேரி வற்றியது.

வெளியுலகுடனான உறவிலும் இதே மனப்பாங்கு புகுந்ததை நம் பத்திரிகைகள் போதியளவு பேசவில்லை. போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறுவது பற்றி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2015இல் இலங்கையே இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் விலகினார்கள். விளைவாக 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம், ஆதாரங்களைத் திரட்டிப் பேணும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடமே கொடுத்தது. உள்ளே செய்யலாம் என்றிருந்ததை வெளியே தள்ளியவர்கள் நாங்களே. ஜப்பானின் கடனுதவியுடன் கொழும்பில் அமையவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. இந்தியாவுடனும் ஜப்பானுடனும் 2019 மே மாதத்தில் கைச்சாத்திட்ட, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனைய உடன்பாடு 2021 பெப்ரவரியில் ஒருதலைப்பட்சமாக முறிக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர்களின் அச்சம் நியாயமற்றது என்று நான் சொல்லவரவில்லை; தேசத்தின் சொத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குரிய இடம் கையொப்பமிடுவதற்கு முன் பாராளுமன்றம். கையொப்பமிட்ட பின்னர் மக்கள் ஆணையைக் காரணங்காட்டி வாக்கு மாறும் அரசை அடுத்த முறை எவரும் நம்பமாட்டார்கள்.

அந்த அடுத்த முறை வெகு விரைவில் வந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தோம். எரிபொருளுக்கும் மருந்துக்குமாக அவ்வாண்டில் ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியது இந்தியா. கடன் மறுசீரமைப்புக்காக அமைந்த கடன் வழங்குநர் குழுவின் இணைத் தலைமையில் பிரான்ஸுடன் அமர்ந்திருந்தவை இந்தியாவும் ஜப்பானும். முந்திய ஆண்டு யாருடைய உடன்பாட்டைக் கிழித்தோமோ அவர்கள் முன்னிலையில்தான் நின்றோம். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு இணங்கியபோது, மின் கட்டணம் முதல் ஊழல் ஒழிப்புச் சட்டம் வரை நிபந்தனைகள் வந்தன. நம் சபை தானாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை வெளியார் கேட்டுப் பதில் வாங்கிச் சென்றனர். இதைவிட இறைமைக்கு இழுக்கு எது?

2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும் சொன்னது. எனினும் பழக்கம் போகவில்லை. பணமில்லை என்ற காரணத்தால் 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, தேர்தல் நடந்தபோது 2025 மே ஆகிவிட்டது. நெருக்கடியைக் காரணங்காட்டுவது ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

ஆகவே இன்றைய அரசின் ஆதரவாளர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில், அரசின் கணக்குகளைப் பரிசோதிக்கும் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பின்னர், ஜனாதிபதி பரிந்துரைத்த பெயர்களை அரசியலமைப்புப் பேரவை ஏற்காததால் நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. இதைப் பார்த்து, பேரவை முட்டுக்கட்டை போடுகிறது என்று நல்லவர்களே பேசியதைக் கேட்டேன். தாமதம் வருத்தத்துக்குரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் புயல் நிவாரணத்துக்காக உள்ளூரிலும் வெளிநாட்டிலுமிருந்து பணம் வந்து சேரும் காலத்தில், கணக்குப் பார்ப்பவரைக் கணக்குக் காட்ட வேண்டியவரே தனித்துத் தெரிவுசெய்யும் நிலைக்குத் திரும்புவதைக் காட்டிலும் அந்தத் தாமதம் எவ்வளவோ மேல். இன்றிருப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாளை வருபவருக்கும் அதே நாற்காலிதானே?

225 ஆசனங்களில் 159ஐ மக்கள் 2024இல் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தனர். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதிகளை நம்பியே வடக்கிலும் பலர் முதன்முறையாக ஒரு தென்னிலங்கைக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அந்தச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டு, எங்கள் பிள்ளைகளின் இளமையை விழுங்கியது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. வெள்ளத்தில் உடைந்த குளக்கட்டையும் வாய்க்காலையும் எந்த ஒழுங்கில் திருத்துவது என்று எங்கள் விவசாய அமைப்புகள் கேட்பதற்கு, தாம் தெரிந்தெடுத்த சபை ஒன்று மாகாணத்தில் இல்லை. மீள்கட்டுமானத்துக்கான வரவுசெலவை மாதந்தோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்து, மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறிக்குமாறு தங்கள் பத்திரிகை ஆசிரிய தலையங்கத்தின் வழியே அரசிடம் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி.