கடல் விட்டுப்போன துறைமுகங்கள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததற்கு இனிப்பு பாக்கி இருக்கிறது, நேரில் வசூலித்துக்கொள்கிறேன்.

துருக்கிப் பயணத்தில் குஷாதாசியில் இரண்டு நாள், ஒருநாள் எபேசஸ் என்று எழுதியிருந்தாய். அடுத்த நாளுக்கு பிரியீனி, மிலேட்டஸ், டிடிமா என்ற பழைய கிரேக்க இடிபாடுகள் மூன்றையும் வைத்துக்கொள். இதே வரிசையில்தான் போக வேண்டும், மாற்றினால் பாதி புரியாது.

மிலேட்டஸ் நான்கு துறைகள் கொண்ட பட்டினம். இன்று கடல் அங்கிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மியாண்டர் ஆறு (இப்போது பெரிய மெந்தரெஸ்) வண்டலைக் கொட்டிக் கொட்டி ஒரு வளைகுடாவையே தூர்த்துவிட்டது. மிச்சம் பாஃபா ஏரி மட்டும். கொற்கைக்கு நேர்ந்த கதிதான், அளவு பெரிது.

அதனால்தான் முதலில் பிரியீனி. மலைச்சரிவில் இருக்கும் ஊர் அது. அத்தீனா கோயிலில் நிமிர்த்தி வைத்திருக்கும் ஐந்து தூண்கள் பக்கத்தில் நின்று தெற்கே பார். பருத்தி வயலாகத் தெரிவதெல்லாம் ஒருகாலத்தில் தண்ணீர். நடுவே ஒரு சின்னக் குன்று தெரியும், அது லாடே தீவு. கி.மு. 494இல் பாரசீகர்கள் அயோனிய (இந்தக் கரையோரக் கிரேக்க நகரங்களின்) கப்பற்படையை முறியடித்தது அந்தத் தீவருகே. இதைப் பார்த்துவிட்டு மிலேட்டஸ் போனால்தான் சதுப்பில் நிற்கும் ‘சிங்கத் துறை’ துறைமுகமாகக் கண்ணுக்குத் தெரியும்.

தங்கச்சிக்கு முட்டிவலி என்றாயே, ஒன்று கவனி. பிரியீனியில் தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டியவை. கிழக்கு மேற்காகப் போகும் தெரு ஓரளவு சமதளம், வடக்கு தெற்காகப் போவது பெரும்பாலும் படிக்கட்டு. ஒரே மூச்சில் மேலே அரங்கம் வரை ஏறிவிட்டு, பிறகு மேற்காகவே நடந்து கோயிலுக்குப் போனால் ஏறி இறங்கும் வேலை குறையும். அரங்கத்தின் முன்வரிசையில் கைப்பிடி வைத்த பளிங்கு இருக்கைகளில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். கோயிலை அலெக்சாண்டர் அர்ப்பணித்ததாகச் சொல்லும் கல்வெட்டு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, அங்கே தேடாதே.

வண்டி வாடகைக்கு எடுத்துவிடு. சுற்றி வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பக்கத்து ஊரான சோக்கெயிலிருந்து பிரியீனிக்கு மினிபஸ் உண்டு, ஆனால் மிலேட்டஸில் மாட்டிக்கொள்வாய். டிடிம் (டிடிமா இருக்கும் ஊர்) போகும் பஸ் அக்கோய் ஊரில் இறக்கிவிடும், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நிழலே இல்லாத நடை.

மிலேட்டஸில் அரங்கத்தின் உச்சிக்கு ஏறத் தேவையில்லை. உள்ளே போகும் வளைவு நடைகளே அழகு, குளிர்ச்சியும்கூட. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அங்காடிப் பக்கம் தண்ணீர் தேங்கி, தவளைச் சத்தம்தான் கேட்கும், செருப்போடு இறங்காதே. புகழ்பெற்ற சந்தை வாசல் பெர்லினுக்குப் போய்விட்டது. ஆனால் ஃபாஸ்டினா குளியல் மண்டபத்தைத் தவறவிடாதே. குளத்து ஓரம் ஒரு ஆற்றுத் தெய்வம் ஒய்யாரமாகச் சாய்ந்து கிடக்கும். ஊரை மூடிய ஆற்றுக்கே சிலை வைத்துக் குளித்திருக்கிறார்கள்!

நேரத்தை மிச்சம் பிடித்து டிடிமாவுக்குக் கொடு. குறைந்தது ஒன்றரை மணி நேரம். அப்பல்லோ கோயிலில் தூண்கள் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம், மூன்று மட்டும் முழுதாக நிற்கின்றன. அதில் ஒன்றில் நெடுக்குப் பள்ளங்கள் வெட்டப்படவே இல்லை. தூணை நிறுத்திய பிறகுதான் பள்ளம் வெட்டுவார்கள், நூற்றாண்டுகள் கட்டியும் வேலை முடியவில்லை. கிழக்கு முகப்பில் மட்டும் மனிதர் ஏறும் அளவுக்குப் படி உண்டு, மற்ற பக்கம் முயலாதே. பெரிய வாசலின் கீழ்க்கல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், யாரும் தாண்ட முடியாது. இருபுறமும் உள்ள சுரங்க வழிகளில்தான் உள்முற்றத்துக்கு இறங்க வேண்டும். சரிவுப் பளிங்கு, வழவழவென்று இருக்கும். தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும்.

உள்ளே சுவரில்தான் புதையல். 1979இல் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டது: கோயில் கட்டிய கொத்தர்கள் கல்லிலேயே கீறிய வரைபடங்கள். தூண் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும் இல்லையா, அந்த வளைவுக்குக் கணக்கு அங்கே இருக்கிறது. அகலத்தை நிஜ அளவிலேயே வைத்து, உயரத்தை மட்டும் பதினாறில் ஒன்றாகச் சுருக்கியிருக்கிறார்கள். உயரம் சுருங்கியதும் கண்ணுக்கே தெரியாத புடைப்பு, கவராயத்தால் இழுக்கக்கூடிய வில்லாகிவிடுகிறது. குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் அகலத்தை அளந்து அப்படியே கல்லுக்கு மாற்றினால் போதும். கடைசியாகச் சுவரை இழைத்திருந்தால் எல்லாம் அழிந்திருக்கும், அந்த வேலைக்குத்தான் யாரும் வரவில்லையே.

கோடுகள் மயிரிழை போல மெலிசு. நேர் வெயிலில் வெறும் சுவர்தான் தெரியும். வெளிச்சம் சாய்வாகப் பட வேண்டும். வெயில் சரியாக விழாவிட்டால் போன் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பார், விரலால் மட்டும் தடவாதே.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், ரப்பர் அடிச் செருப்பல்ல, ஷூ. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், அக்டோபரே நல்லது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்